கன்டெய்னர் கதவிலுள்ள தகடு என்ன சொல்கிறது?

கப்பல் கன்டெய்னரின் கதவில், பெரும்பாலும் இடப்பக்கக் கதவின் கீழ்ப்பகுதியில், ஓர் உலோகத் தகடு ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். குறைந்தது 200 மி.மீ. நீளம், 100 மி.மீ. உயரம். துருப்பிடிக்கவோ தீயில் அழியவோ கூடாது. இதுதான் சி.எஸ்.சி. தகடு. 1972-இல் உருவாகி 1977 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பான கன்டெய்னர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை இதைக் கட்டாயமாக்கியது.

ஒப்புதல் எண், தயாரித்த மாதம், வரிசை எண் ஆகியவற்றுக்குக் கீழே மூன்று அளவுகள் இருக்கும்: அதிகபட்ச மொத்த எடை, அடுக்குச் சுமை, பக்கவாட்டு விசை. நடுவிலுள்ளதுதான் முக்கியம். பல பெட்டிகளில் அது 1,92,000 கிலோ. தலா 24,000 கிலோ எடையுள்ள எட்டுப் பெட்டிகளை ஒன்றின் தலையில் ஏற்றுவதற்கான கணக்கு அது. கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது சுமை 1.8 மடங்காகும் என்று கொண்டால் 3,45,600 கிலோ. நான்கு மூலைத்தூண்களுக்குப் பிரித்தால் தூணுக்கு 86,400 கிலோ. புதிய பெட்டிகள் பலவற்றில் இது 2,13,360 கிலோ, அதாவது 30,480 கிலோ பெட்டிகள் ஏழு.

இந்தச் சுமையில் பக்கச் சுவருக்குப் பங்கே இல்லை எனலாம். மூலைவார்ப்புகள், அதாவது பெட்டியின் மூலைகளிலுள்ள வார்ப்பு உலோகத் துண்டுகள், கூரையைவிடச் சற்று உயர்ந்து நிற்பதால் மேற்பெட்டியின் எடை நேராகத் தூணில்தான் இறங்கும். சோதனையிலும் சுமையை மையத்தில் வைப்பதில்லை, பக்கவாட்டில் 25.4 மி.மீ., நீளவாட்டில் 38 மி.மீ. தள்ளி வைத்து அழுத்துவார்கள். கப்பலில் பெட்டிகள் அச்சுப் பிசகாமல் உட்காராது அல்லவா? பக்கவாட்டு விசைக்கு 150 கிலோநியூட்டன் கொடுத்துப் பார்ப்பார்கள். அதில் கதவுள்ள முகப்பே பலவீனமானது. அங்கே பற்றவைத்த சுவர் இல்லை.

லாயிட்ஸ் ரெஜிஸ்டர், பீரோ வெரிடாஸ், டி.என்.வி., இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் போன்ற, கப்பல்களுக்குத் தரச்சான்று தரும் வகைப்படுத்தல் அமைப்புகள் அரசுகளின் அதிகாரம் பெற்று ஒப்புதல் தருகின்றன. மாதிரிப் பெட்டி சோதனைகளில் தேற வேண்டும். பிறகு சர்வேயர் தொழிற்சாலையில் உற்பத்தியையும் கவனிப்பார்.

ஆக, தகடு ஒரு பிறப்புச் சான்றிதழ்தான். அதன்பின் பெட்டியைப் பரிசோதித்துப் பராமரிப்பது உரிமையாளரின் பொறுப்பு. தயாரித்த ஐந்து ஆண்டுகளுக்குள் முதல் பரிசோதனை, பிறகு 30 மாதத்துக்கு ஒருமுறை. அடுத்த தேதி தகட்டிலோ அதன் அருகிலோ இருக்கும். பெரிய நிறுவனங்கள் ஏ.சி.இ.பி. எனும் தொடர் பரிசோதனைத் திட்டத்தில் சேர்வதால் அவற்றின் பெட்டிகளில் தேதி இருக்காது, திட்ட எண் மட்டுமே. தேதி இல்லையே என்று பயப்பட வேண்டாம். எண்ணும் இல்லாவிட்டால்தான் கேட்க வேண்டும்.

உடனே சேவையிலிருந்து நீக்க வேண்டிய பழுதுக்கு எல்லைகள் உண்டு. மூலைத்தூணில் 50 மி.மீ.க்கு மேல் நெளிவு அல்லது விரிசல்; மேல் பக்கச்சட்டத்தில் 60 மி.மீ.க்கு மேல் நெளிவு அல்லது 45 மி.மீ.க்கு மேல் விரிசல். கீழ்ச்சட்டத்தில் இவை முறையே 100, 75 மி.மீ. மூலைவார்ப்பில் முழுவதும் ஊடுருவிய விரிசலுக்குச் சலுகையே கிடையாது. மேல்சட்டத்தைக் கிரேனின் ஸ்ப்ரெடர் (பெட்டியைப் பிடித்துத் தூக்கும் சட்டகம்) இடிக்கும்; கீழே ஃபோர்க்லிஃப்ட் குத்தும். பரிசோதனையில் அதிகம் தப்பிப்போவது அடிப்பக்கக் குறுக்குச்சட்டங்களின் பழுது. குனிந்து அடியில் பார்த்தால்தான் தெரியும் என்பதால் யாரும் பார்ப்பதில்லை.

தண்ணீர் கசிவைச் சி.எஸ்.சி. கண்டுகொள்வதில்லை, அது மனித உயிருக்கான உடன்படிக்கை. சரக்கு நனையாமல் இருக்க வேண்டுமானால் பகலில் உள்ளே போய்க் கதவை மூடச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே ஆள் நிற்பது அவசியம். உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாது.

பழைய பெட்டி வாங்கி ஜன்னல் வெட்டி அலுவலகமாக்கினால் ஒப்புதல் செல்லாது. தகட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பதே உடன்படிக்கையின் விதி.