அளிப்புரிமை: 'காப்பிலெஃப்ட்' தமிழில்

மென்பொருள் உரிம முறை ஒன்றைக் குறிக்கும் 'காப்பிலெஃப்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் 'பதிப்புரிமை இல்லாதது' என்று சிலர் தமிழில் எழுதுகிறார்கள். பொருளையே தலைகீழாக்கும் பிழை அது. பதிப்புரிமைச் சட்டம் நாளை ஒழிந்தால் காப்பிலெஃப்டும் கூடவே ஒழியும். அது நிற்பதே அந்தச் சட்டத்தின் மேல்தான்.

இம்முறையில் வெளியாகும் மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், மூல நிரலை (சோர்ஸ் கோடு) படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் திருத்தியதை வெளியே தருபவர், தாம் பெற்ற உரிமைகள் அத்தனையையும் மூல நிரலோடு சேர்த்தே தர வேண்டும். தர மறுத்தால் அது பதிப்புரிமை மீறல். பாரதியின் பாடல்களைப் போல நாட்டுடைமையானவை வேறு வகை. அவற்றை அச்சிடுபவர் மேல் இப்படியொரு கடமை விழுவதில்லை.

'காப்பிரைட்' என்பதில் வரும் 'ரைட்' உரிமையையும் குறிக்கும், வலப்பக்கத்தையும் குறிக்கும். அதை இடப்பக்கமாகத் திருப்பியதே 'லெஃப்ட்'. 1976இல் லீ-சென் வாங் தம்முடைய டைனி பேசிக் என்ற கணினி மொழி நிரலில் இச்சொல்லைப் போட்டு, 'எல்லா உரிமைகளும் ஒதுக்கப்பட்டவை' என்ற வழக்கமான வரியைக் கேலி செய்து 'எல்லாத் தவறுகளும் ஒதுக்கப்பட்டவை' என்று கூடவே எழுதினார். அப்போது அது வேடிக்கைதான். 1980களின் நடுவில் டான் ஹாப்கின்ஸ், ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு அனுப்பிய கடிதத்தின் உறைமேல் 'காப்பிலெஃப்ட்: எல்லா உரிமைகளும் திருப்பப்பட்டவை' என்று எழுதியிருந்தார். ஸ்டால்மன் சுதந்திர மென்பொருளுக்கான தம் குனு திட்டத்துக்கு வகுத்துவந்த முறைக்கு அதையே பெயராக எடுத்துக்கொண்டார். 1989இல் அம்முறையில் அமைந்த குனு பொது உரிமம் வந்தது.

நிபந்தனை விதித்துவிட்டு அதைச் சுதந்திரம் என்று சொல்லலாமா? இப்படி நிபந்தனை விதிக்காத பிஎஸ்டி உரிமத்தை விரும்புவோர் எழுப்பும் கேள்வி இது; நேர்மையான கேள்வி. அவர்களின் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டு சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 4இன் இயங்குதளத்தைக் கட்டியது. தன் மாற்றங்களைத் திறந்து காட்ட வேண்டிய கடமை அதற்கு இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான லினக்ஸ் கருவின் கதை வேறு. 1992இல் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைக் குனு பொது உரிமத்துக்கு மாற்றினார். லிங்க்சிஸ் நிறுவனம் விற்ற டபிள்யூஆர்டி54ஜி என்ற திசைவிக்குள் (ரவுட்டர்) லினக்ஸ் ஓடுவது 2003இல் தெரியவந்தபோது, நிரலாளர்கள் உரிமத்தைக் காட்டி மூல நிரலைக் கேட்டார்கள். நிறுவனம் வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திசைவி இயங்குதளம்; வேறு பல திசைவிகளிலும் அது ஓடுகிறது. அந்த நிபந்தனை மட்டும் இல்லையென்றால் பெட்டி மூடியே கிடந்திருக்கும். அடுத்தவர் கையைக் கட்ட வருபவரின் கையைத்தான் இந்த உரிமம் கட்டுகிறது என்பேன்.

இனி தமிழ்ச் சொல். 'இடவுரிமை' என்று நேராகப் பெயர்த்தால் நிலமும் ரயில் இருக்கையும்தான் நினைவுக்கு வரும். தமிழில் உரிமைக்கும் வலப்பக்கத்துக்கும் ஒரே சொல் இல்லாததால் அந்தச் சிலேடை இங்கே எடுபடாது. அதற்காக வருந்தவும் வேண்டாம். வழக்கில் உள்ள 'அளிப்புரிமை' அதைவிட ஆழமானது. அளித்தல் என்றால் கொடுத்தல் என்று மட்டும் இன்று நினைக்கிறோம். 'ஆக்கல், அளித்தல், அழித்தல்' என்ற பழைய வரிசையில் அளித்தலுக்குக் காத்தல் என்று பொருள். கொடுப்பது, கொடுத்ததை யாரும் பூட்டிவிடாமல் காப்பது ஆகிய இரண்டுமே இந்த உரிமத்தின் வேலை. ஆங்கிலச் சொல் சொல்லாமல் விட்டதைத் தமிழ்ச் சொல் சொல்லிவிடுகிறது.

எழுதும்போது இப்படி எழுதலாம்: 'லினக்ஸ் கரு அளிப்புரிமையில் வெளியாகிறது, ஃப்ரீபிஎஸ்டி அவ்வாறு வெளியாவதில்லை.'