பழைய கணினியில் இணையம் வரவில்லையா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போனில் அழைத்தார். "தம்பி, நெட் வரவே மாட்டேங்குது. ரவுட்டரை மாத்திப் பாத்தாச்சு, கேபிளும் புதுசு. கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னு சொல்றாங்க. அதுல இருபது வருஷத்துப் போட்டோ இருக்கே!"

போய்ப் பார்த்தேன். விண்டோஸ் 7 ஓடும் டெஸ்க்டாப். லேன் கேபிள் செருகும் இடத்தில் பச்சை விளக்கு எரிகிறது, பக்கத்து விளக்கு விட்டுவிட்டு மினுங்குகிறது. கம்பியில் குறை இல்லை. ஆனால் பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வந்து நிற்கிறது. திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். தேதி 1-1-2010.

அவ்வளவுதான் கோளாறு. இன்று ஏறக்குறைய எல்லா இணையதளங்களும் தங்களை அடையாளம் காட்ட ஒரு டிஜிட்டல் சான்றிதழை நீட்டுகின்றன. இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை செல்லும் என்று அதில் தேதி போட்டிருக்கும். 2010-இல் நிற்கும் கணினிக்கு, அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் போலி என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுகிறது. விண்டோஸ் தானாக நேரத்தைச் சரிசெய்துகொள்ளாதா என்று கேட்பீர்கள். வீட்டுக் கணினிகளில் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் அது திருத்த மறுத்துவிடும். நாம்தான் கையால் மாற்ற வேண்டும். மாற்றினேன், தளங்கள் திறந்தன. ஆசிரியருக்கு நம்பவே முடியவில்லை.

ஆனால் மறுநாள் மீண்டும் 2010 வந்துவிடும் என்பதையும் அப்போதே சொன்னேன். மதர்போர்டில் காசு அளவில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது. பெரும்பாலும் சிஆர்2032 வகை, 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். கணினியை ஷட்டவுன் மட்டும் செய்பவர்களுக்கு இது தெரியவே வராது. சுவர் ஸ்விட்ச்சையும் அணைப்பவர்களுக்குத்தான் மறுநாள் காலையில் தேதி பின்னால் போயிருக்கும். ஆசிரியர் ராத்திரி தவறாமல் ஸ்விட்ச்சை அணைப்பவர். பேட்டரியைக் கழற்றி மீட்டரில் வைத்தேன்: 2.4 வோல்ட்.

இதை நீங்களே மாற்றலாம், அவசரப்படாமல். முதலில் பயாஸ் திரைகளை, அதாவது விண்டோஸ் கிளம்பும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரைகளை, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது அந்த அமைப்புகள் அழிந்துபோகலாம். மதர்போர்டு ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா அமைப்பு மாறிவிட்டால் விண்டோஸ் கிளம்பவே கிளம்பாது. பேட்டரி மாற்றப் போய் கணினியே போச்சு என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. படம் இருந்தால் இரண்டு நிமிடத்தில் பழையபடி வைத்துவிடலாம். பிறகு மின்வயரைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுக் கழற்றுங்கள். இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: கழற்றிய பேட்டரி குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. தீர்ந்துபோன பேட்டரியானாலும் விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கிய சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

எல்லா வீட்டிலும் கடிகாரம்தான் காரணம் என்று சொல்லவில்லை. 'நெட் வரவில்லை' என்ற ஒரே வார்த்தைக்குள் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எந்த இடத்தில் வழி அடைபட்டிருக்கிறது என்று தெரியாமல் பொருள் வாங்குவதுதான் வீண் செலவு. ஆசிரியர் மாற்றிய ரவுட்டருக்கும் கேபிளுக்கும் தேவையே இருக்கவில்லை.

நான் முதலில் செய்வது, அதே ரவுட்டரில் போனை இணைத்துப் பார்ப்பது. போனிலும் வரவில்லை என்றால் கணினியைத் தொட வேண்டியதே இல்லை. போனில் வருகிறது என்றால், கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை கொடுத்து, நெட்வொர்க்கில் கணினிக்குரிய எண்ணான ஐபி முகவரியைப் பார்ப்பேன். 169.254 என்று தொடங்கினால், கணினி ரவுட்டரிடம் முகவரி கேட்டு, பதில் வராமல் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேபிள், நெட்வொர்க் டிரைவர் (நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருள்), ரவுட்டர் மூன்றில் ஒன்றில்தான் பிழை. கிளிப் உடைந்த லேன் கேபிள் பாதி வெளியே நழுவி நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முகவரி சரியாக இருந்தால், அதே திரையில் 8.8.8.8 என்ற கூகுள் சர்வரின் எண்ணுக்கு பிங் (ping) கட்டளை கொடுத்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். எண்ணுக்குப் பதில் வருகிறது, தளத்தின் பெயருக்கு வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பைத் திருத்தினால் போதும். இரண்டுக்கும் பதில் வந்தும் பிரவுசர் மட்டும் முரண்டு பிடித்தால், தேதியைப் பாருங்கள், அடுத்து ப்ராக்ஸி அமைப்பை, அதாவது இணையத்துக்குப் போகும் வழியில் இடையில் வைக்கும் கணினியின் முகவரியை, பாருங்கள். வைரஸ் ஒன்று எப்போதோ எழுதிவைத்த ப்ராக்ஸி, வைரஸை நீக்கிய பிறகும் அப்படியே கிடந்து வழியை மறிக்கும்.

வைஃபை விஷயம் வேறு. புது ரவுட்டர் வந்த அன்றிலிருந்து பழைய லேப்டாப்பில் மட்டும் இணைப்பு இல்லை என்று வருபவர்கள் அதிகம். பழைய வைஃபை கார்டுகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டுமே கேட்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலிலேயே வராது. பெயர் தெரிந்தும், கடவுச்சொல் சரியாக இருந்தும் சேர மறுத்தால், ரவுட்டர் டபிள்யூபிஏ3 (WPA3) என்ற புதிய வகை வைஃபை பூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரில் விருந்தினருக்கான தனி வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றை 2.4-இல், முந்தைய டபிள்யூபிஏ2 பாதுகாப்போடு, பழைய கணினிக்கென்றே திறந்துவிடலாம். தயவுசெய்து அதற்கும் கீழே இறங்காதீர்கள். டபிள்யூஇபி என்ற பழைய பூட்டைச் சில நிமிடங்களில் திறந்துவிடலாம். ஒரு பழைய லேப்டாப்புக்காக வீட்டின் மொத்த வைஃபையையும் பூட்டில்லாமல் விட்டிருந்த குடும்பத்தைப் பார்த்துப் பதறியிருக்கிறேன்.

தேதி சரி, இணைப்பு சரி, சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் வயதுதான் காரணமாக இருக்கும். 2021 செப்டம்பர் 30 அன்று, கணக்கற்ற தளங்களின் சான்றிதழ்களுக்கு உறுதி தந்துவந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. அப்டேட் இல்லாத பழைய கருவிகள் அன்றைக்கே பல தளங்களை இழந்தன. ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்களைத் தானே சுமந்து வருவதால், மற்ற பிரவுசரில் திறக்காத பக்கம் அதில் திறக்கும். விண்டோஸ் 7-க்கு அதன் 115 ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) வரிசையும், குரோமில் 109-ஆம் பதிப்பும்தான் கடைசி.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எரிச்சலில் இணையத்தில் தேடி, 'எல்லா டிரைவரையும் சரிசெய்கிறேன்' என்று கூவும் மென்பொருளை இறக்கிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் தேடலில் கிடைத்த எண்ணை அழைத்து, யாரென்றே தெரியாதவரிடம், தூரத்திலிருந்து நம் கணினியை இயக்கும் ரிமோட் இணைப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். டிரைவர் வேண்டுமானால் கணினியின் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து வேறொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவாருங்கள். முன்பின் தெரியாதவர் உங்கள் திரைக்குள் நுழைய ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

ஆசிரியர் கணினிக்குப் புது பேட்டரி போட்டேன். சுவர் ஸ்விட்ச்சை அணைத்து, பத்து நிமிடம் விட்டு, மீண்டும் போட்டேன், தேதி நகரவில்லை. பிறகு இருவருமாக உட்கார்ந்து போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தோம். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது என்பதை அவரிடம் மறைக்கவில்லை. "படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம் சார். பேங்க் வேலை மட்டும் இதில் வேண்டாம்" என்றேன். சேமித்துவைத்திருந்த வங்கிக் கடவுச்சொல்லை என் எதிரிலேயே அழித்தார். அந்தக் கணினியிலேயே, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸில் இலகுவான ஒன்றைப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் போக வேண்டும்.