நேச்சுரலைசேஷன்: இதுல நேச்சர் எங்கேர்ந்து வந்துச்சு?

அம்மாவுக்கு அமெரிக்க சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ தேதி வந்ததுலேர்ந்து தினமும் ராத்திரி டைனிங் டேபிள்ல என்-400 ஃபார்ம விரிச்சு வச்சு உக்காந்துருவோம். முதல் பக்கத்துல மேலயே இருக்கு ‘அப்ளிகேஷன் ஃபார் நேச்சுரலைசேஷன்’னு. அம்மா அத விரல வச்சு எழுத்தெழுத்தா படிச்சுட்டு, "ஏம்ப்பா, குடியுரிமை கேக்குற ஃபார்ம்ல நேச்சர் எதுக்கு வருது, இயற்கைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்"னு கேட்டாங்க. எனக்கு டக்குனு பதில் சொல்லத் தெரியல. தேடிப் படிச்சத இங்க எழுதுறேன்.

லத்தீன்ல நாஸ்கி (பழைய வடிவம் க்நாஸ்கி)ன்னா பிறக்குறது. அதுலேர்ந்துதான் நாத்தூரா, அதாவது பிறப்போட வந்த குணம், அதுதான் நம்ம சொல்ற நேச்சர். நேஷனும் அதே வேர்தான். பிரெஞ்சுக்காரங்க அதை நாத்துரலிஸேன்னு வினையாக்குனாங்க, 16ஆம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்கு வந்துடுச்சு. ஆக நேச்சுரலைஸ் பண்றதுன்னா, வெளியிலேர்ந்து வந்த ஒருத்தர இந்த மண்ணுலயே பிறந்தவர் மாதிரி சட்டத்தால ஆக்குறது. மாதிரிதான், முழுசா இல்ல. இப்படி சிட்டிசன் ஆனவங்க ஓட்டு போடலாம், கவர்னரா கூட வரலாம், ஆனா பிரசிடென்ட் ஆக முடியாது, அதுக்குப் பிறப்பாலேயே சிட்டிசனா இருக்கணும்னு அமெரிக்க அரசியலமைப்பு சொல்லுது.

சொல்லு பிறப்பப் பேசுனாலும் சட்டம் எண்ணுறது இருந்த வருஷத்த. 1790ல போட்ட முதல் சட்டத்துல 2 வருஷம் குடியிருந்தா போதும்னு இருந்துச்சு, 1795ல 5 ஆக்குனாங்க, நடுவுல ஏறி இறங்குனாலும் இன்னிக்கும் நிரந்தரமா தங்குற அனுமதியான கிரீன் கார்டு வாங்கி 5 வருஷம்தான் (சிட்டிசனோட வாழ்க்கைத்துணையா இருந்தா 3). ஆனா அதே 1790 சட்டம் ‘சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டும்’னும் சொன்னுச்சு. பஞ்சாப்ல பிறந்து, முதல் உலகப்போர் சமயத்துல அமெரிக்க ராணுவத்துலயே இருந்த பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, நீங்க வெள்ளையர் இல்லன்னு 1923ல தீர்ப்பு சொல்லிட்டாங்க. இந்தியர்களுக்கு அந்தக் கதவு சட்டப்படி திறந்தது 1946லதான். அம்மாகிட்ட இத சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசாம ஃபார்மையே பாத்துட்டு இருந்தாங்க.

இப்ப தமிழுக்கு வருவோம். சிலர் இதுக்கு இயல்பாக்கம், இயற்கையாக்கம்னு எழுதுறாங்க. எனக்கு அது சரியாப் படல. வேர அப்படியே பேத்து நட்டா மட்டும் பொருள் வந்துடாது, இயற்கையாக்கம்னு படிக்கிறவருக்கு மரம் செடிதான் ஞாபகம் வரும். நம்மகிட்ட ஏற்கனவே குடின்னு ஒரு சொல் இருக்கு, எவ்வளவு பழசு, எவ்வளவு அகலம் பாருங்க. வீடுன்னும் அர்த்தம், குடும்பம்னும் அர்த்தம், ஊருன்னும் அர்த்தம் (காரைக்குடி, மன்னார்குடி), ராஜாவோட ஆளுகைல இருக்குற மக்கள்னும் அர்த்தம், ‘குடிதழீஇக் கோலோச்சும்’னு வள்ளுவர் சொல்ற குடி அதுதான். தெலுங்குல குடின்னா கோயில், சாமி குடியிருக்குற இடம். இன்னிக்கும் வாடகை வீட்டுல இருக்குறவங்களப் பாத்து ‘எங்க குடி இருக்கீங்க’ன்னு கேக்குறோம், புது வீட்டுக்குப் போனா குடிபோறோம்ங்குறோம், குடித்தனம், குடிக்கூலி, குடியேற்றம், குடிபெயர்வு எல்லாமே ஒரு இடத்துல வாழுறதச் சுத்தியே வருது. குடிங்குறதுல பிறப்பும் உண்டு, அத மறைக்கக் கூடாது, திருக்குறள்ல குடிமைன்னு ஒரு அதிகாரமே இருக்கு, அது நல்ல குடியில பிறந்தவங்க குணத்தப் பத்தினது. ஆனா இன்னிக்கு குடிமைன்னா சிவில், அதனாலதான் பள்ளிப் பாடத்துல சிவிக்ஸ குடிமையியல்னு வச்சிருக்காங்க.

இலங்கைல பழைய எழுத்துல குடியுரிமைக்குப் பிரஜாவுரிமைன்னு வரும். பிரஜைங்குறது சமஸ்கிருதம், ஜன்ங்குற வேர், பிறக்குறதுன்னு பொருள், ஜன்மம் ஜாதி எல்லாம் அதுலேர்ந்துதான். லத்தீன் நாஸ்கியும் இந்த ஜன்னும் ஒரே மூல வேர்லேர்ந்து கிளைச்சதுன்னு மொழியியல்காரங்க சொல்றாங்க. ஆக நேச்சுரலைசேஷனும் பிரஜையும் தூரத்துச் சொந்தம், ரெண்டும் ‘எங்க பிறந்த’ன்னு கேக்குது. 1948ல வந்த இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத்தான் கேட்டுச்சு, உன் அப்பா இங்க பிறந்ததுக்கு அத்தாட்சி காட்டுன்னு. தலைமுறை தலைமுறையா தேயிலைத் தோட்டத்துல குடியிருந்த மலையகத் தமிழர்ல பெரும்பாலானவங்ககிட்ட அந்தக் காகிதம் இல்ல, அவங்க நாடற்றவங்க ஆயிட்டாங்க. அதனாலயே எனக்குக் குடியுரிமைங்குற சொல்தான் மனசுக்கு நெருக்கம், அது முதல்ல ‘எங்க வாழுற’ன்னு கேக்குது.

சரி, குடியுரிமைன்னா சிட்டிசன்ஷிப், நேச்சுரலைசேஷன்ங்குற அந்த நடைமுறைக்கு என்ன சொல்றது? குடியுரிமைப் பேறுன்னு சொல்லலாம்னு நான் ஃபார்ம் ஓரத்துல பென்சில்ல எழுதுனேன். பெறுங்குற வினைலேர்ந்து பேறு. அம்மா அதைப் பாத்துட்டு, "பேறுன்னா பிள்ளைப்பேறு மாதிரியா"ன்னாங்க. நான் அதை யோசிக்கவே இல்ல! மகப்பேறு, பிள்ளைப்பேறு எல்லாம் அதே பேறுதான், ஒண்ணைப் பெறுறதும் பிள்ளையப் பெத்தெடுக்கறதும் தமிழ்ல ஒரே வினை. லத்தீன்காரன் பிறப்பு வேர்ல சொன்னது நம்ம சொல்லுக்குள்ளயும் இருக்கு, கூடவே குடியும் இருக்கு.

இன்டர்வியூவுக்கு நேர்காணல்ங்குறதும் அப்படித்தான் கச்சிதம். பிரெஞ்சு மூலத்துல அது ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறது, தமிழ்ல நேருக்கு நேர் காண்றது. அன்னிக்கு நடந்ததும் அதான். வலது கைய உயர்த்தி உண்மையே சொல்வேன்னு உறுதி வாங்கிட்டு, ஆபீசர் ஃபார்ம்ல உள்ளத ஒவ்வொண்ணா கேட்டாங்க. அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பத்தின குடிமையியல் கேள்விய அம்மா தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாங்க (2025 அக்டோபர் 20லேர்ந்து அப்ளை பண்றவங்களுக்கு 128 கேள்வில 20 கேப்பாங்க, 12 சரியா சொல்லணும், அம்மா அதுக்கு முன்னாடியே பண்ணதால 100ல 10, 6 போதும்). பயமெல்லாம் ஃபார்ம்ல இருக்குற வார்த்தைங்க மேலதான். ‘பேர் ஆர்ம்ஸ்’னு ஒண்ணு வரும், நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீங்களான்னு. அம்மா பேர்னா கரடின்னே படிச்சு வச்சிருந்தாங்க, ஆயுதம் தாங்குறதுன்னு சொன்னதும் பிடிச்சுக்கிட்டாங்க. ‘க்ளெய்ம்’னா உரிமை கோருறது, ‘ஓத்’னா சத்தியம், இப்படி ஒரு 30 சொல்லு தமிழோட சேத்து ஒரு நோட்டுல எழுதிக் குடுத்தேன். இங்கிலீஷே வேண்டாம்னு விலக்கும் உண்டு, 50 வயசுக்கு மேல, கிரீன் கார்டோட 20 வருஷம் இருந்தா, இல்ல 55ம் 15ம்னா, மொழிபெயர்ப்பாளர் வச்சு தமிழ்லயே குடிமையியல் தேர்வு எழுதலாம், சாரி, பதில் சொல்லலாம், அது வாய்மொழித் தேர்வுதான். அம்மாவுக்கு அத்தனை வருஷம் ஆகல.

முடிஞ்சதும் தேர்வான காகிதத்தக் கைல குடுத்தாங்க. ஆனா அன்னிக்கு அம்மா சிட்டிசன் இல்ல. உறுதிமொழி விழால கை உயர்த்தி, பழைய நாட்டு விசுவாசத்தத் துறக்குறேன்னு சொல்லி, கிரீன் கார்டத் திருப்பிக் குடுத்த அப்புறம்தான் குடியுரிமைப் பேறு முழுமையாகும். வெளில வந்து கார்ல ஏறுனதும் அம்மா அந்த நோட்டத் திறந்து, ஓத்துக்கு நேரா நான் எழுதியிருந்த சத்தியத்த அடிச்சுட்டு, உறுதிமொழின்னு எழுதுனாங்க.