ஹூக் குத்தில் கை கடைசியில்தான் வருகிறது

குத்துச்சண்டையில் பக்கவாட்டிலிருந்து வளைத்து விடும் குத்துதான் ஹூக். அதைப் பழகுகிறவர் மணிக்கட்டு வலி, தோள் வலி என்று வந்து நின்றால், கையைத் தொடுவதற்கு முன் காலைப் பார்க்க வேண்டும். காற்றில் நாலு ஹூக் வீசச் சொன்னால் போதும். முன்காலின் குதிகால் தரையை விட்டு எழவே இல்லையென்றால், வலி எங்கிருந்து கிளம்புகிறது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

நேராக விடும் குத்துகளான ஜாபிலும் (முன்கைக் குத்து) கிராஸிலும் (பின்கைக் குத்து) கை நீளும். ஹூக்கில் நீளாது. முழங்கை ஏறக்குறைய 90 பாகையில் மடங்கி அப்படியே இறுகி நிற்க, உடம்பு திரும்புகிறது. கை அதோடு போகிறது. குடை ராட்டினத்தில் சுற்றுவது நடுத்தூண்தான், குதிரை தானாக ஓடுவதில்லை. 1971 மார்ச் 8 அன்று, 15-வது சுற்றில் முகமது அலியைத் தரையில் சாய்த்தது ஜோ ஃப்ரேசியரின் இடது ஹூக். சிறுவயதில் பட்ட அடியால் ஃப்ரேசியருக்கு இடது கை முழுதாக நீளாது. ஹூக்குக்கு வேண்டிய மடிப்பு அந்தக் கையில் எப்போதுமே இருந்தது!

வலக்கைக்காரரின் இடது ஹூக்கை எடுத்துக்கொள்வோம். இடது கால் முன்னே, எடை சற்று அதன் மேல். முன்பாதத்தை அழுத்தி, குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பாதம், முழங்கால், இடுப்பு மூன்றும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பும். இடுப்பு கிளம்பிய பிறகு தோள், அதன் பிறகுதான் முஷ்டி. திரும்பி முடிக்கையில் எடை பின்காலுக்குப் போயிருக்கும். முஷ்டி மூக்குக்கு நேரே வந்ததும் நிற்க வேண்டும். தாண்டி ஓடினால் அடுத்த அடி நமக்குத்தான். வலது கை இவ்வளவு நேரமும் தாடையை விட்டு நகரக் கூடாது. எத்தனை முறை சொன்னாலும் முதலில் மறந்துபோவது இதுதான்.

பாதம் திரும்பாமல் இடுப்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு நடுவில் இருக்கும் முழங்காலில் போய் விழும். பாதம் வழுக்காத ரப்பர் பாயில், நல்ல பிடிப்புள்ள ஷூவோடு இப்படி நூறு முறை குத்துவது முழங்கால் ஜவ்வுக் கிழிசலைக் கேட்டு வாங்கும் வேலை.

தோளுக்கு வரும் கேடு வேறு வகை. பலம் சேர்ப்பதாக நினைத்து கையைப் பின்னுக்கு இழுத்து வீசுவார்கள். உடம்பு முன்னே திரும்ப, முழங்கை பின்னாலேயே தங்கிவிட, தோள்மூட்டின் முன்பக்கம் இழுபடுகிறது. எதிராளிக்கும் குத்து வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். இதற்கு ஒரு எளிய வைத்தியம் சுவர். இடது தோளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு நின்று, மெதுவாக ஹூக் போட வேண்டும். முழங்கை சுவரில் இடித்தால் கை அகலமாகப் போகிறது என்று பொருள். தினம் இருபது முறை, வேகமே இல்லாமல் செய்தால் போதும்.

முழங்கையும் முஷ்டியும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். முழங்கை தொங்கினால் முன்கையின் பலம் முஷ்டிக்குப் பின்னால் நேராக நிற்காது, மணிக்கட்டு மடங்கும். முஷ்டிக்கு மேலே ஏறினால், அதுவும் உள்ளங்கை கீழே பார்த்தபடி இருந்தால், தோளின் மேல்பக்கத் தசைநார் எலும்புக்கடியில் நசுங்கும்.

உள்ளங்கை நம்மைப் பார்க்க வேண்டுமா, தரையைப் பார்க்க வேண்டுமா என்பது தீராத வழக்கு. இரண்டு பக்கமும் நல்ல பயிற்சியாளர்கள் உண்டு. நெருங்கி நிற்கும்போது உள்ளங்கை நம்மைப் பார்ப்பது மணிக்கட்டுக்கு இதம். தூரம் கூடி முழங்கை விரியும்போது அதே பிடியில் குத்தினால் கிளவின் உட்பக்கமோ பெருவிரலோதான் படும். அங்கே உள்ளங்கையைத் தரைப்பக்கம் திருப்புவதே சரி. ஆனால் எந்தப் பிடியிலும் மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும், படுவது ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளாக இருக்க வேண்டும். அவ்விரண்டின் உள்ளங்கை எலும்புகள் அடியில் அசையாமல் பூட்டியவை. மோதிரவிரல், சுண்டுவிரல் எலும்புகளுக்கு அசைவு அதிகம், தாங்குதிறன் குறைவு. குத்தி எலும்பு முறித்துக்கொள்பவர்களுக்குப் பெரும்பாலும் சுண்டுவிரல் முட்டிக்குச் சற்றுக் கீழேதான் முறிகிறது. கையில் சுற்றும் 4.5 மீட்டர் துணிப்பட்டையான ஹேண்ட் ராப்பும் நல்ல கிளவும் அதிர்ச்சியைக் குறைக்கும், தவறான கோணத்தைத் திருத்தாது.

குத்திய பிறகு கை வீங்கினால் இரண்டு இடங்களைப் பார்க்கவும். முஷ்டியை மெல்ல மூடும்போது சுண்டுவிரல் முட்டி உள்வாங்கித் தெரிந்தாலோ, அந்த விரல் மோதிரவிரல் மேல் ஏறினாலோ எலும்பு முறிந்திருக்கலாம். அடுத்தது, பெருவிரலை விரித்து நீட்டினால் அதன் அடியில் மணிக்கட்டோரம் விழும் சிறு குழி. அங்கே அழுத்தி வலித்தால் ‘சுளுக்கு’ என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடக் கூடாது. அடியில் இருக்கும் ஸ்கஃபாய்டு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காவிட்டால் சேராமலே போகலாம். அதன் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. அதனால் எக்ஸ்ரே சரியாக இருந்தும் அந்தக் குழியில் வலி நீடித்தால், பத்து நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை கையை அசையாமல் கட்டி வைத்திருங்கள், குத்திப் பழகும் பேக் பக்கம் போக வேண்டாம்.