வன்னியில் கூடாரம் போட: எந்த நிலத்துக்கு யாரிடம் அனுமதி, அதற்கேற்ற சாமான் எது

கூடாரம் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. படுக்கப் போகும் நிலம் யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு காட்டுப்பாதையில் 5 கிலோமீற்றர் நடந்தால் தனியார் வயல், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் குளக்கட்டு, வனத் திணைக்களத்தின் ஒதுக்குக்காடு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் சரணாலயம் என்று நான்கு பேரின் எல்லைக்குள் கால் வைத்துவிடலாம். கண்ணுக்கு எங்கும் அதே பாலை, வீரை மரங்கள்தான். ஆனால் ஓரிடத்தில் உள்ளே நுழைவதற்கே அனுமதி வேண்டும். இன்னோரிடத்தில் நடக்கலாம், தீ மூட்ட முடியாது. வேறோரிடத்தில் வாகனத்தை விட்டு இறங்குவதே குற்றம். எந்தச் சாமான் வாங்குவது என்பதும் இதைப் பொறுத்ததுதான். தீ மூட்ட விடாத நிலத்துக்கு விறகடுப்பு வாங்கிப் பயனில்லை.

முதலில் கேட்க வேண்டிய ஆள் கிராம அலுவலர். தன் பிரிவுக்குள் எது யாருடைய காணி என்பது அவருக்குத் தெரியும். போகும்போது கைபேசி வரைபடத்தில் இடத்தைக் குறித்து, ஆள்கூற்று எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். "குளத்துக்குப் பின்னால" என்று சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் உங்கள் பகுதித் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆறு, குளம், பழைய பாதைகள் அதில் தெளிவாக இருக்கும். கிராம அலுவலர் "அது வனத்துக்குரியது" என்றால், அடுத்துப் போக வேண்டியது அந்தப் பகுதி வன அலுவலகம்.

காடு என்றால் எந்தக் காடு

1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. 2009இல் 65ஆம் இலக்கச் சட்டத்தால் பெரிய திருத்தம் வந்தது. இதன் கீழ் பேணற்காடு, ஒதுக்குக்காடு, கிராமக்காடு, இவற்றில் அடங்காத பிற அரச காடு என்று பிரிவுகள் உண்டு. ஒதுக்குக்காட்டிலும் பேணற்காட்டிலும் அனுமதியின்றி நுழைவதே குற்றம். தீ மூட்டுவது, மரம் வெட்டுவது, குடிசை போடுவது எல்லாம் அதற்கு மேல். பிற அரச காட்டில் சட்டம் குறிவைப்பது வெட்டுதல், துப்புரவாக்குதல், தீ வைத்தல், வனப்பொருள் எடுத்தல் ஆகியவற்றை. அங்கேயும் கூடாரம் போட மூன்று சிறு மரம் வெட்டினால் பிடிபட்டதுதான்.

பலர் கவனிக்காத பிரிவு பறிமுதல். வனக் குற்றத்துக்குப் பயன்பட்ட கருவியையும் வாகனத்தையும் நீதிமன்றம் அரசுடைமையாக்கலாம். வாடகை ஓட்டோவில் போய், திரும்பும்போது நாலு முதிரைக் கட்டையைப் பின்னால் போட்டுக்கொண்டு வந்தால், மாட்டுவது ஓட்டோக்காரரின் பிழைப்பு. கோடாரியும் கைவாளும் வீட்டிலேயே இருக்கட்டும். கயிறு அறுக்கச் சிறு கத்தி போதும்.

எல்லைக்கல்லை மட்டும் பார்த்தும் முடிவெடுக்க முடியாது. சனம் இடம்பெயர்ந்திருந்த காலத்திலும் அதற்குப் பின்னும் வன எல்லைகள் பல இடங்களில் புதிதாகக் குறிக்கப்பட்டன. உரியவரின் கையில் காணி உத்தரவுப்பத்திரமும், காணிக்குள் வனத் திணைக்களத்தின் கல்லும் இருக்கும் வழக்குகள் இன்றும் உண்டு. அப்படியான காணியில் கூடாரம் போட்டு, ஏற்கெனவே அலைந்துகொண்டிருக்கும் குடும்பத்துக்கு இன்னொரு தலையிடி கொடுக்கக் கூடாது.

பூங்கா, சரணாலயம்

இவை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. வில்பத்து 1938இலிருந்து தேசிய பூங்கா. மடு வீதி, சுண்டிக்குளம் இரண்டும் 2015இல் தேசிய பூங்காக்களாயின. கட்டுக்கரைக்குளம், வவுனிக்குளம், கொக்கிளாய், வங்காலை ஆகியவை சரணாலயங்கள்.

தேசிய பூங்காவுக்குள் நுழைவுச்சீட்டு எடுத்து, வாகனத்தில், வழிகாட்டியோடு, குறித்த பாதையில்தான் போகலாம். நடந்து போக நினைப்பவர்களுக்கு அது உரிய இடமல்ல. இரவு தங்க வேண்டுமானால் திணைக்களம் ஒதுக்கிய முகாமிடத்தை முற்பதிவு செய்ய வேண்டும். அதற்கு வெளியே ஒரு மரத்தடியிலும் தங்க முடியாது. கட்டணம் உள்நாட்டவருக்குக் குறைவு, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. உள்நாட்டவர் எல்லோரும் தேசிய அடையாள அட்டையின் மூலப்பிரதியைக் கொண்டுபோக வேண்டும். கனடாவிலோ லண்டனிலோ இருந்து வரும் சொந்தக்காரர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டை நீட்டினால் வெளிநாட்டவர் கட்டணம்தான் விழும். செலவைப் பங்கு பிரிக்கும்போதே அதைக் கணக்கில் எடுங்கள்.

நடைக்குப் பூங்கா திறக்கும் விதிவிலக்கு ஒன்று நம்மவருக்கு நன்றாகத் தெரியும். செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு வழியாகக் கதிர்காமம் போகும் பாதயாத்திரைக்காக, குமண, யால காட்டுப்பாதை ஒவ்வோராண்டும் சில நாட்களுக்குத் திறக்கப்படுகிறது. அந்த நாட்களுக்கு வெளியே அதே பாதையில் நடந்தால் அத்துமீறல்.

சரணாலயம் வேறு. அதற்குள் தனியார் காணியும் ஊரும் இருக்கும். நுழைய அனுமதி தேவையில்லை. ஆனால் விலங்கு, பறவை, கூடு, முட்டை எதையும் தொட முடியாது. நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. அதன் கரையில் இரவு தங்க நினைப்பவர்கள் வனஜீவராசிகள் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும்.

குளக்கரை

படத்துக்கு அழகான இடம், படுக்கக் கூடாத இடம். இரணைமடு போன்ற குளங்கள் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு, கட்டுக்கரைக்குளம் மத்திய திணைக்களத்தின் பொறுப்பு, சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். யாருடையதாக இருந்தாலும் குளக்கட்டில் முளை அடிப்பதும், துருசுக்கு (மதகு) பக்கத்தில் தீ மூட்டுவதும் கூடாது. வான் (மிகைநீர்) பாயும் பக்கத்தில் மாரியில் ஒருபோதும் தங்க வேண்டாம். இரவில் கதவு திறந்தால் நீர் சில நிமிடங்களில் வந்துவிடும். அலைகரைப் பக்கம் அந்தியில் யானை தண்ணீருக்கு இறங்கும். பக்கத்திலேயே முதலையும் கிடக்கும். நீர் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, யானைத்தடமும் லத்தியும் இல்லாத மேட்டில் படுங்கள்.

மிதிவெடி

வெளிநாட்டுக் கூடாரக் கையேடுகளில், குறிப்பாகப் பழையவற்றில், மூன்று அறிவுரைகளைக் காணலாம்: முளையை ஆழமாக அடி, கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டு, மலம் கழிக்க ஒரு சாண் ஆழத்தில் குழி தோண்டு. வன்னியில் மூன்றுமே உயிராபத்து.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்கக் கிடைத்த கெடு 2028 ஜூன் 1. அதாவது வேலை இன்னும் முடியவில்லை. துப்புரவாக்கிக் கையளித்த நிலத்திலும் வெடிக்காத எறிகணை ஆழத்தில் கிடக்கலாம். மழை மண்ணை அரித்து மேலே கொண்டுவரும். வெறுந்தரையில் தீ மூட்டினால் கீழே கிடப்பது சூடேறி வெடிக்கலாம். குப்பைக்குத் தீ வைத்த இடங்களிலேயே இப்படி நடந்திருக்கிறது.

ஆகவே கிராம அலுவலரிடம் நேரடியாகக் கேளுங்கள்: இந்தத் துண்டு துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டதா? "சனம் போய் வருது" என்பது பதிலாகாது. மாடு மேயும் பாதையில் ஆபத்து இல்லாமல் இருந்து, அதற்குப் பத்தடி தள்ளி இருக்கலாம். கிளிநொச்சியில் தேசிய மிதிவெடி நடவடிக்கை நிலையத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. சந்தேகமான இடத்தை அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகை, சிவப்புப் பூசிய தடி, மஞ்சள் நாடா எதைக் கண்டாலும் அப்படியே நில்லுங்கள். வந்த காலடித் தடத்திலேயே திரும்பி வாருங்கள். பொருளைத் தொடவோ கல்லால் எறியவோ வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்கு வந்தபின் பொலிஸ் அவசர எண் 119க்குச் சொல்லுங்கள்.

இதற்கேற்ற சாமான் மலிவாகவே கிடைக்கிறது. முளை இல்லாமல் தானே நிற்கும் குவிமாடக் கூடாரம் வாங்குங்கள். நான்கு மூலைக்கும் 5 லீற்றர் தண்ணீர்க் கலன்களைக் கட்டினால் சோளகக் காற்றுக்கும் எளிதில் அசையாது. காலையில் அதே தண்ணீரைப் பாவிக்கலாம். இன்னும் மலிவு வேண்டுமானால் 9 அடிக்கு 12 அடித் தறப்பாள், அதன் கீழ் நுளம்பு வலையோடு தைத்த தூக்குப்படுக்கை. மரத்தில் ஆணி அடிக்காமல் இரண்டு அங்குல அகலப் பட்டியால் கட்டுங்கள். மெல்லிய நைலோன் கயிறு பட்டையை அறுக்கும், அது மரத்துக்குச் சேதம் என்ற கணக்கில் வரும். தூக்குப்படுக்கைக்கு இன்னொரு நன்மை உண்டு. இரவில் தரையில் படுப்பவரைத் தீண்டும் கட்டுவிரியன் அதில் ஏறுவது அரிது. தரையில்தான் படுக்க வேண்டுமென்றால் அடித்தளம் சுவரோடு சேர்த்துத் தைத்த, சிப் முழுதாக மூடும் கூடாரம் கட்டாயம். தனித் தறப்பாள் விரித்து அதில் படுப்பதைத் தவிருங்கள்.

மலக்குழிக்குப் பதில் மூடியுள்ள 20 லீற்றர் பெயின்ட் வாளி. அரிசி ஆலையில் ஒரு பை உமி வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கை உமி போட்டால் மணம் அடங்கும். வாளியை ஊருக்குக் கொண்டுவந்து மலசலகூடக் குழியில் கொட்டலாம்.

சமையலுக்கு, தீ தடைசெய்த காட்டில் சமைக்காமலே இருப்பதுதான் நேர்வழி. ரொட்டி, மாசிச் சம்பல், அவல், பொரிமா, கச்சான் இரண்டு நாளைக்குத் தாங்கும். தனியார் காணியில், உரியவரின் சம்மதத்தோடு, தரையிலிருந்து ஓரடி உயர்ந்த இரும்புத் தட்டடுப்பில் சிரட்டைக்கரி போட்டுச் சமைக்கலாம். புகையும் பொறியும் குறைவு. ஆவணி வரை அடிக்கும் காய்ந்த காற்றில் திறந்த தீ எங்கும் வேண்டாம். குடிக்க மட்டும் ஆளுக்கு நாளுக்கு 4 லீற்றர் வையுங்கள். குளத்து நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; உப்பும் கடினத்தன்மையும் போகாது.

அரிசி, உப்பு, வாழைப்பழம் இவற்றைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. யானை வீட்டுச் சுவரையே இடித்து எடுக்கும் பொருட்கள் இவை. பாலைப்பழக் காலத்தில் பாலை மரத்தடியில் தங்க வேண்டாம், கரடி வரும். வயலோரத்தில் இருட்டில் நடக்கவே கூடாது. யானைவேலிக்குப் புறம்பாக, பன்றிக்கென்று இழுத்த களவு மின்கம்பியும் கட்டுத்துவக்கும் (பொறித் துப்பாக்கி) அங்கேதான் இருக்கும். யானை நெருங்கினால் வனஜீவராசிகள் அவசர எண் 1992. பாம்பு கடித்தால் அம்புலன்ஸ் எண் 1990. விஷமுறிவு மருந்து அரச மருத்துவமனையில் இலவசம். கட்டுப் போட்டு இறுக்காமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் கொண்டுபோங்கள்.

கடிதம்

தனியார் காணிக்கு உரியவரின் கையெழுத்திட்ட ஒரு வரிச் சம்மதம் போதும். கிராம அலுவலருக்கும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கும் தகவல் கொடுத்து வைத்தால் இரவில் வெளிச்சம் கண்டு தேடி வருவோரோடு சிக்கல் வராது. காட்டுக்கு, மாவட்ட வன அதிகாரிக்குக் கடிதம் எழுதி, பகுதி வன அலுவலகத்துக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: திகதி, நேரம், கிராம அலுவலர் பிரிவு, ஆள்கூறு, நடக்கும் பாதை, ஆட்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும், வாகன எண், தீ மூட்டமாட்டோம் என்ற உறுதி, கழிவைத் திருப்பிக் கொண்டுவரும் முறை. கடிதங்கள் பெரும்பாலும் நிராகரிக்கப்படுவது இடத்தைச் சரியாகக் குறிக்காததாலும், கடைசி வாரத்தில் கொடுப்பதாலும்தான். ஒரு மாதம் முன்பே பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ட்ரோன் பறக்கவிட வேண்டுமானால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி தனி.

கடிதம் தமிழில் இருக்கலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் மட்டும் படிவம் நீட்டினால் தமிழ்ப் படிவம் கேளுங்கள்.

பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். "குறித்த ஆள்கூற்றிலுள்ள நிலம் எந்த வகைக் காடு, எந்த வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது, என் கடிதத்தின் நிலை என்ன" என்று திணைக்களத்தின் தகவல் அதிகாரியிடம் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். தராவிட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு, அதற்குப் பின் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. வர்த்தமானி இலக்கம் கையில் வந்துவிட்டால், அடுத்த தடவை அதே இடத்துக்குப் போகும் எந்தக் குழுவுக்கும் அந்த ஒரு தாளைப் படியெடுத்துக் கொடுக்கலாம்.