‘வீட்டா’ என்றால் வரலாறு அன்று

உரோமானிய எழுத்தாளர் சுவெட்டோனியஸைப் பற்றித் தமிழில் வந்த கட்டுரை ஒன்றை அண்மையில் படித்தேன். உரோமை ஆண்ட பன்னிருவரைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு ‘பன்னிரு சீசர்களின் வரலாறு’ என்று பெயரைக் கொடுத்துவிட்டு, அடுத்த பத்தியிலேயே அது ‘ஆண்டு வரிசை இல்லாத குழப்பமான வரலாறு’ என்று கட்டுரையாளர் குறைப்பட்டிருந்தார். இதே குறையை ஒரு மேடை உரையிலும் ஒரு நூலின் முன்னுரையிலும் ஏற்கெனவே சந்தித்திருக்கிறேன். நூலாசிரியர் தம் நூலுக்கு வைக்காத பெயரை நாம் வைத்துவிட்டு, அந்தப் பெயருக்கு ஏற்றபடி அவர் எழுதவில்லை என்று அவர்மேல் பழி போடுவது நியாயம் ஆகாது.

இலத்தீனில் நூலின் பெயர் ‘டே வீட்டா கைசாரும்’. அதாவது, சீசர்களின் வாழ்வைப் பற்றி. வாழ்தலைக் குறிக்கும் ‘வீவெரே’ என்னும் வினையோடு பிறந்த பெயர்ச்சொல் ‘வீட்டா’. உயிர், வாழ்வு, வாழும் முறை ஆகிய மூன்றுக்கும் அது வழங்கும். கிரேக்கத்தில் அதன் இடத்தில் நிற்பது ‘பியோஸ்’. அதோடு எழுத்து என்பதைச் சேர்த்து ஆக்கிய ‘பியோகிராஃபியா’ என்னும் கூட்டுச்சொல், சுவெட்டோனியஸுக்குச் சுமார் 400 ஆண்டுகள் பின்னால் வந்த தமாஸ்கியோஸ் என்னும் கிரேக்க மெய்யியலாளரின் எழுத்தில்தான் முதலில் கிடைக்கிறது. சுவெட்டோனியஸின் கையில் இருந்தது வாழ்வு என்ற ஒற்றைச் சொல் மட்டுமே.

நம் சொல்லான வரலாறு, வரல் என்பதும் ஆறு என்பதும் சேர்ந்தது. ஆறு என்றால் வழி. ஒன்று வந்த வழியே வரலாறு. முன்னால் நடந்தது எது, அதன்பின் நடந்தது எது என்ற கால ஓட்டம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இவ்வளவு பொருத்தமாக ஒரு துறைக்குப் பெயர் அமைவது அரிது என்பதே என் கருத்து. அதனால்தான் அதைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிவைப்பதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை.

வாழ்வையும் வரலாற்றையும் வேறு வேறாகப் பிரித்தவர்கள் அந்தக் காலத்து ஆசிரியர்களே. சுவெட்டோனியஸின் காலத்தில் வாழ்ந்த கிரேக்கரான புளூட்டார்க், அலெக்சாந்தரின் வாழ்வைத் தொடங்கும்போதே, தாம் எழுதுவன வரலாறுகள் அல்ல, வாழ்வுகளே என்று சொல்லிவிடுகிறார். ஆயிரக்கணக்கானோர் மடிந்த போர்களைவிட ஒரு சிறு செயலோ, ஒரு சொல்லோ, ஒரு வேடிக்கைப் பேச்சோ ஒருவருடைய குணத்தை நன்றாகக் காட்டிவிடும் என்பது அவர் தரும் காரணம். அதே தலைமுறையைச் சேர்ந்த உரோமானியரான டாசிட்டஸ் எழுதியது வரலாறு. அவர் ஆண்டு ஆண்டாகச் சொல்லிக்கொண்டு போவார். டாசிட்டஸின் நூல் ஒன்றுக்கு ‘வரலாறுகள்’ என்றே பெயர். சுவெட்டோனியஸின் நூலையும் வரலாறு என்று பெயர்த்தால், இரண்டையும் அடுத்தடுத்துக் கையில் எடுக்கும் தமிழ் வாசகருக்கு அவை இருவேறு இலக்கிய வகைகள் என்று எப்படித் தெரியும்?

சுவெட்டோனியஸ் சொல்வது இன்னும் வெளிப்படையானது. முதல் பேரரசரான அகஸ்டஸின் வாழ்வைச் சுருக்கமாகக் கூறி முடித்ததும், இனி அதன் பகுதிகளை ஒவ்வொன்றாக, காலத்தின்படி அல்லாமல் வகைகளின்படி எடுத்துரைக்கப் போவதாகவும், அப்போதுதான் அவை தெளிவாக விளங்கும் என்றும் அவர் எழுதுகிறார். போர்கள், கட்டிய கட்டடங்கள், நடத்திய கேளிக்கைகள், திருமணங்கள், உடல் தோற்றம், உணவு, சாவுக்கு முன் தோன்றிய நிமித்தங்கள் என்று தலைப்புத் தலைப்பாக நூல் நகர்கிறது. பின்வந்த பேரரசனான கலிகுலாவின் வாழ்வில் பாதிவழியில் நிறுத்தி, இதுவரை சொன்னது ஓர் ஆட்சியாளனைப் பற்றி, இனிச் சொல்ல வேண்டியது ஒரு கொடும்பிறவியைப் பற்றி என்று கோடு கிழிக்கிறார். கலிகுலாவின் ஆட்சியில் ஏதோ ஒரு நாளில் விழுந்த கோடு அன்று அது. அவனுடைய செயல்களை இரண்டு கூடையில் பிரித்துப் போட்ட கோடு. வரலாற்றாசிரியர் இப்படிச் செய்தால் தவறு, வாழ்வு எழுதுபவருக்கு இதுவே முறை.

நூலிலிருந்து இரண்டு இடங்களைக் காட்டுகிறேன். சுவெட்டோனியஸ் பேரரசர் ஹாட்ரியனிடம் கடிதப் போக்குவரத்துக்குப் பொறுப்பான செயலராக இருந்தவர். பழைய ஏடுகளைக் கண்ணால் பார்த்தவர். அகஸ்டஸ் தம் கைப்பட எழுதும்போது, வரியின் முடிவில் இடம் போதாவிட்டால் சொல்லை உடைத்து எஞ்சிய எழுத்துகளை அடுத்த வரிக்குக் கொண்டுபோக மாட்டார் என்றும், அங்கேயே அந்தச் சொல்லின் கீழே அவற்றை எழுதிச் சுற்றிக் கோடு போட்டுவிடுவார் என்றும் குறிக்கிறார். நீரோவின் கவிதைகளைப் பிறர் எழுதிக் கொடுத்தார்கள் என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. நீரோவின் குறிப்பேடுகள் தம் கைக்கு வந்ததாகவும், அவற்றில் அடித்ததும் நுழைத்ததும் மேலே எழுதியதும் நிறைய இருந்ததால், யோசித்து யோசித்து எழுதியவனின் கையெழுத்தே அது என்று தெரிந்ததாகவும் சொல்கிறார். இந்த இரண்டு செய்திகளுக்கும் ஆண்டு கிடையாது, தேவையும் இல்லை. ஆண்டு வரிசையில் கோக்கப் போனால் முதலில் உதிர்ந்து போகிறவை இவைதாம்.

‘வாழ்க்கை வரலாறு’ என்று சொன்னால் போதாதா என்று கேட்பார்கள். பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும் இக்காலத்து நூல்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். அங்கே நான் அதை மறுக்கவில்லை. உரோமானியரின் ‘வீட்டா’வுக்கு அதைப் போட்டால், ஆசிரியர் வேண்டாம் என்று ஒதுக்கிய கால வரிசையை நாமாகவே உள்ளே இழுத்துவருகிறோம். அகஸ்டஸின் பொதுப்பணிகளைச் சொல்லி முடித்த இடத்தில், இனி அவருடைய அக வாழ்வையும் குடும்ப வாழ்வையும் சொல்கிறேன் என்று சுவெட்டோனியஸ் எழுதுகிறார். அங்கும் அவர் ஆளும் சொல் ‘வீட்டா’வே. எந்த மொழிபெயர்ப்பாளரும் அந்த இடத்தில் ‘குடும்ப வரலாறு’ என்று எழுத மாட்டார். உள்ளே வாழ்வு என்று பெயர்க்கும் சொல்லை அட்டையில் மட்டும் வரலாறு என்று ஏன் பெயர்க்க வேண்டும்?

சரிதம் என்று சொல்லலாமே என்போர், உண்மையில் பொருளுக்கு ஓரளவு நெருங்கியே வருகிறார்கள். வடமொழியில் அது நடத்தல் என்னும் வேரிலிருந்து வந்து, ஒருவருடைய நடத்தையைக் குறிப்பது. ஆனால் அதன் உடன்பிறப்பான சரித்திரம் தமிழில் வரலாறு என்ற பொருளிலேயே வேர் ஊன்றிவிட்டதால், சரிதம் என்றாலும் கேட்பவர் மனம் ஆண்டுகளையே தேடும். கையருகில் வாழ்வு என்ற தமிழ்ச்சொல் இருக்கும்போது அந்தச் சுற்றுவழி வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் மோசமானது ‘சீசர்களின் சுயசரிதை’ என்பது. தன் கதையைத் தானே எழுதினால்தான் சுயசரிதை என்பதை மறந்து, பிறர் எழுதியதற்கும் அந்தச் சொல்லை வழங்குவது இப்போது செய்தித்தாள் வரை வந்துவிட்டது. சொல்லின் முதல் பாதியான ‘சுய’ என்பதைக்கூடப் படிக்காத மொழிபெயர்ப்பு இது.

தலைப்பின் மறுபாதியிலும் கவனம் வேண்டும். ‘பன்னிரு பேரரசர்கள்’ என்று எழுதுகிறார்கள். பன்னிருவரில் முதல்வரான ஜூலியஸ் சீசர் பேரரசர் அல்லர். சர்வாதிகாரி என்ற பதவியில் இருந்தவர். சீசர் என்பது முதலில் ஒரு குடிப்பெயர். அந்தக் குடி நீரோவோடு அற்றுப்போயிற்று என்று சொல்லித்தான் அவனுக்கு அடுத்து ஆண்ட கால்பாவின் வாழ்வையே சுவெட்டோனியஸ் தொடங்குகிறார். அதன்பின் அது பட்டமாக மட்டும் நின்றது. தமிழ் விவிலியத்தின் பழைய பெயர்ப்பாளர்கள் ‘இராயனுடையதை இராயனுக்கு’ என்று எழுதியபோது, அதைப் பட்டமாக உணர்ந்து ஒரு பட்டத்தால் பெயர்த்தார்கள். அந்த இடத்துக்கு அது சரி. குடிப்பெயர் பட்டமாக மாறிய கதையே அடங்கிய இந்த நூலுக்கு, சீசர் என்றே விடுவதுதான் தக்கது. ஆகவே ‘சீசர்களின் வாழ்வு’ என்பதே நான் பரிந்துரைக்கும் பெயர். மூலத்திலும் ‘வீட்டா’ ஒருமையில்தான் இருக்கிறது.

சுவெட்டோனியஸ் காட்டிய வழி அவரோடு நின்றுவிடவில்லை. 814இல் இறந்த பிராங்கியரின் மன்னர் சார்லமேனுக்கு, அவருடைய அவையில் இருந்த ஐன்ஹார்ட் ஒரு ‘வீட்டா’ எழுதினார். போர்கள், கட்டடங்கள், குடும்பம், தோற்றம், உடை, உணவு, நிமித்தங்கள் என்று அதே வகைப்பாடு. மன்னரின் உடல் தோற்றத்தைச் சொல்லும் இடத்தில் சுவெட்டோனியஸின் சொற்றொடர்களையே எடுத்து ஆள்கிறார். அந்த நூலையும் தமிழில் ‘சார்லமேனின் வரலாறு’ என்று குறிக்கிறார்கள். அதில் ஓரிடம்: எழுதப் பழக வேண்டும் என்ற ஆசையில் மன்னர் எழுதுபலகைகளையும் ஏடுகளையும் படுக்கையில் தலையணைக்கு அடியில் வைத்திருந்து, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் எழுத்துகளை வரைந்து பார்த்திருக்கிறார்; வயது கடந்து தொடங்கியதால் கை அவ்வளவாகப் படியவில்லை.