அடி குடைந்த ஈயக் குண்டு

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படித்த வாசகர் ஒருவர், "இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே வகைத் துப்பாக்கிதானே இருந்தது, பிறகு ஏன் தாக்கப் போனவர்களே அதிகம் மடிந்தார்கள்?" என்று கேட்டிருக்கிறார். இதற்கான விடையைத் தளபதிகளின் வீரத்தில் தேடுவதைவிட, ஓர் ஈயக் குண்டின் அடிப்பாகத்தில் தேடத் தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம்.

நெப்போலியன் காலத்து மஸ்கட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. எளிதாக உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காக உருண்டைக் குண்டைக் குழலைவிடச் சற்றுச் சிறியதாக வார்த்தார்கள். சுடும்போது அது குழலுக்குள் இங்குமங்கும் மோதி, கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ அதற்கேற்ப விலகிப் பறந்தது. குழலுக்குள் சுருள் பள்ளங்கள் வெட்டினால் குண்டு பம்பரம்போலச் சுழன்று நிலைதவறாமல் செல்லும் என்பது முன்பே தெரியும். ஆனால் பள்ளங்களைப் பற்றும் அளவுக்கு இறுக்கமான குண்டைக் குழல்வாய் வழியே அடித்து இறக்குவதற்குள் எதிரி வந்துவிடுவான்.

1840களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி மினியே இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. அவருடைய குண்டு கூம்பு முனை கொண்டது, குழலைவிடச் சிறியது, அடிப்பாகம் கிண்ணம்போலக் குடையப்பட்டது. வெடிமருந்து எரிந்து எழும் வாயு அந்தக் குடைவுக்குள் புகுந்து அழுத்த, மெல்லிய ஈய விளிம்பு வெளிப்புறமாக விரிந்து பள்ளங்களில் பதிந்துகொள்கிறது. உள்ளே போகும்போது தளர்வாக இருந்த குண்டு வெளியே வரும்போது இறுகிவிடுகிறது. முன்னே தள்ளுகிற விசையே பொருத்துகிற வேலையையும் செய்துவிடுகிறது. மினியே அந்தக் குடைவில் ஒரு சிறிய இரும்புக் கிண்ணத்தையும் வைத்திருந்தார். அது இல்லாமலேயே குண்டு விரியும் என்பதை அமெரிக்கரான ஜேம்ஸ் பர்ட்டன் காட்டினார்.

நிமிடத்துக்கு மூன்று முறை சுடும் பழைய வேகம் குறையாமல், பயனுள்ள தொலைவு சுமார் 100 மீட்டரிலிருந்து 300 மீட்டராக உயர்ந்தது. திறந்தவெளியில் நடந்து வருபவன் மூன்று குண்டுகளுக்குப் பதில் பத்துக் குண்டுகளைச் சந்திக்க வேண்டும். இது காகிதக் கணக்குதான். குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 300 மீட்டர் மட்டுமே என்பதால், 300 மீட்டருக்குக் குறிவைத்தால் அது பாதி வழியில் ஆள் உயரத்தைத் தாண்டிப் பறக்கும். தொலைவைத் தவறாக மதிப்பிட்டவனின் குண்டு எதிரியின் தலைக்கு மேலே போய்விடும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் சுட்டது பெரும்பாலும் இவ்வகைக் குண்டைத்தான். வாசகரின் கேள்விக்கு உண்மையான விடை, அந்தக் குண்டை நிரப்பும் முறையில் இருக்கிறது. மருந்தைக் கொட்டி, இரும்புக் கோலால் குண்டை இடித்து இறக்க ஒருவன் ஏறக்குறைய நிமிர்ந்து, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தாக்க வருபவன் அதை வெட்டவெளியில் செய்தாக வேண்டும், காப்பவனோ மறைவில் செய்யலாம். 1862 டிசம்பர் 13 அன்று ஃபிரெடரிக்ஸ்பர்க்கில், மேரீஸ் குன்றின் அடிவாரத்துப் பள்ளச் சாலையில் தென் மாநிலங்களின் படை மார்பளவு கல் சுவருக்குப் பின்னால் நின்றது. பின்வரிசையினர் துப்பாக்கிகளை நிரப்பி முன்வரிசைக்குக் கொடுத்தபடி இருந்தனர். அலை அலையாக வந்த வட மாநிலங்களின் படையில் எந்த அணியும் அந்தச் சுவரை எட்டவில்லை.

குழலின் பின்புறம் வழியே நிரப்பும் பிரஷ்ய (அன்றைய ஜெர்மன் அரசு ஒன்று) ஊசித் துப்பாக்கி, 1866இல் ஆஸ்திரியாவுடனான போரில் படுத்தபடியே சுட வழி செய்தது. ஆனால் அதன் எட்டும் தொலைவு 600 மீட்டர் அளவே. 1870 ஆகஸ்ட் 18 அன்று, பிரான்சுடனான போரில் சேன்-பிரிவா என்ற கிராமத்தில், அதைப்போல் இருமடங்கு எட்டும் பிரெஞ்சு ஷாஸ்போ துப்பாக்கிகளை நோக்கித் திறந்த சரிவில் ஏறிய பிரஷ்யக் காவல்படை சுமார் 8,000 பேரை இழந்தது. பீரங்கிகள் கிராமத்தை நொறுக்கி, பிரஷ்யாவின் கூட்டாளிகளான சாக்சனியர் வடக்கிலிருந்து சுற்றி வந்த பிறகே, மாலையில் அது வீழ்ந்தது.